குப்பம்மா நட்ட அரசாணிக்கால்

காற்று எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று குப்பம்மாவின் மூக்குக்குத் தெரியும். மேகத்தைப் பார்த்தே, இன்றைக்கு வலை மட்டும் நனையுமா, ஆளும் நனைவானா என்று சொல்லிவிடுவாள். போனில் வரும் எச்சரிக்கையை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, குப்பம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டுப் படகை இறக்குகிறவர்கள் காத்திவாக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். கடல் விஷயத்தில் அவளை அசைக்க முடியாது. ஆனால் தரையில் முளைக்கிற ஒரு செடிக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. வினை அங்கேதான் பிடித்தது.

அவள் வீட்டு வாசலில், தெருவைப் பார்த்தபடி, ஒரு கல்யாண முருங்கைக் கொம்பு நட்டிருந்தது. மாசியில் மகன் ஜெகதீசனின் கல்யாணத்தில் மணவறைக்குப் பக்கத்தில் அரசாணிக்காலாக நின்ற கொம்பு அது. மஞ்சள் குங்குமம் வைத்து, நூல் சுற்றி, அதைச் சாட்சியாக வைத்துத் தாலி கட்டுவார்கள். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டு வாசலில் கொண்டுவந்து நடுவார்கள். கொம்பு தழைத்தால் குடும்பம் தழைக்கும் என்பது நம்பிக்கை. தழைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லோருக்கும் அந்த அளவுக்கு நாகரிகம் உண்டு, குப்பம்மாவைத் தவிர.

மருமகள் மாயா வியாசர்பாடிப் பெண். ராயபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. ஜெகதீசன் யாருக்கோ துணையாக அங்கே போனவன், அப்புறம் துணையே இல்லாமல் போக ஆரம்பித்தான். அவள் அப்பா பீம்ராவ் ரயில்வேயில் இருக்கிறார், பௌத்தக் குடும்பம். சாதியும் வேறு, கும்பிடுகிறதும் வேறு. குப்பம்மா அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள், கடலில் விழுவேன் என்றும் சொல்லிப் பார்த்தாள். நன்றாக நீச்சல் தெரிந்தவள் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் வியாசர்பாடியில் புத்தர் படத்துக்கு முன்னால் ஒரு கல்யாணம், மறுநாள் காத்திவாக்கத்தில் அரசாணிக்காலோடு ஒரு கல்யாணம் என்று முடிந்தது.

கொம்பை நட்ட அன்று எதிர்வீட்டு கெங்கம்மா வந்து நின்றாள். குப்பம்மாவின் புருஷன் கோதண்டத்துக்கு அக்கா. தன் மகள் சினேகாவைத்தான் ஜெகதீசனுக்குக் கட்டுவார்கள் என்று வருஷக்கணக்காக நம்பியிருந்தவள்.

"இன்னா குப்பம்மா, புள்ள இஸ்துகினு வந்துட்டான், நீயும் சேத்துக்கினியா?"

குப்பம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. கையில் மண், மனசில் எரிச்சல், சுற்றிலும் ஊர்ப் பெண்கள்.

"இன்னும் சேத்துக்கல அண்ணி. இந்தக் கொம்பு தழைக்கட்டும், சேத்துக்கிறேன். ஆடிக்கூழு அன்னிக்கு இதுல பச்சை இல்லன்னா, அம்மா வேணான்னு சொல்லிட்டான்னு அர்த்தம். அவன் அவள இஸ்துகினு வேற வூடு பாத்துக்கட்டும்."

அம்மா என்றால் அவர்கள் குப்பத்து அம்மன். அம்மன் பெயரைச் சொல்லி, நடுத்தெருவில் நின்று சொன்ன வார்த்தை. கெங்கம்மா அதைக் கீழே விழாமல் பிடித்து முடிந்து வைத்துக்கொண்டாள்.

கொம்பு யாரையும் கேட்காமல் துளிர்த்தது. மார்கழியில் கொட்டிய மழையின் ஈரம் மண்ணுக்குள் மிச்சமிருந்தது, விடியலில் பனியும் இறங்கிக்கொண்டிருந்தது. பங்குனிக்குள் உச்சியில் மூன்று மூன்றாகக் கூட்டு இலைகள் விரிந்தன. குப்பம்மா தினமும் அதைக் கடந்து மீன்கூடையோடு போனாள், வந்தாள். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றவில்லை. அது துளிர்த்தது அவளுக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

சித்திரைத் தொடக்கத்தில் அவள் காலில் கெளுத்தி முள் ஏறியது. குதிகால் பானை மாதிரி வீங்கிவிட்டது. மகனும் புருஷனும் கடலில் இருந்தார்கள். மாயா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மீன் செதிலும் சீழுமாக இருந்த அந்தக் காலை, வழி முழுக்கத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டோ பள்ளத்தில் விழும்போதெல்லாம் குப்பம்மா வண்டிக்காரனின் ஏழு தலைமுறையைத் திட்டினாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் குப்பம்மா விழுந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

கால் ஆறியதும் அவள் செய்த முதல் வேலை, கொம்புக்குத் தண்ணீர் ஊற்றியது. வெறும் தண்ணீர் அல்ல. மதியம் வியாபாரம் முடிந்து வந்து கூடையையும் பெட்டியையும் அலசுவாளே, அந்த மீன் தண்ணீர். கடல்நீரில் கழுவிய மீன், ஐஸ் உருகிய நீர், ரத்தம், செதில் எல்லாம் கலந்து கருஞ்சிவப்பாக இருக்கும். அந்தக் குப்பத்தில் அதைவிட உசத்தியான உரம் கிடையாது. தென்னைக்கு உப்பு வைத்துக் காய் எண்ணுகிற ஊர் அது. கொல்லைப் பக்கத்து முருங்கை அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் ஓட்டுக்கு மேலே போயிருந்தது. தன் கையில் இருந்ததிலேயே நல்லதை அவள் மருமகளின் கொம்புக்குக் கொடுத்தாள்.

பிறகு கத்திரி வந்தது. அந்த வருஷம் கத்திரி மட்டும் வந்தது, கூட வரவேண்டிய மழை வரவில்லை. வழக்கமாக மதியம் திரும்புகிற கடல்காற்று சாயந்திரம்வரை திரும்பாது. அதுவரை கரைப்பக்கமிருந்து அனல் அடித்தது. திரும்பிய காற்றோ மழையைக் கொண்டுவராமல் அலைத் தூறலை மட்டும் வாரிக்கொண்டு வந்தது. கதவுக் கொண்டி கையில் பிசுபிசுத்தது. தண்ணீர் லாரி ஒருநாள் வந்தால் இரண்டு நாள் வராது. கொம்பின் இலைகள் ஓரத்திலிருந்து பழுப்பேறின, தீயில் வாட்டியது போலச் சுருண்டன. ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன.

குப்பம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் கொம்பைப் பார்ப்பாள், பிறகு வானத்தைப் பார்ப்பாள். மீன் ஏலம் எடுக்கப் போன இடத்தில் பாதியில் மேகம் தேடுவாள். எண்ணூர்ப் பக்கம் ஒரு கறுப்பு தெரிந்தால் கூடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவாள். அது அனல்மின் நிலையத்துப் புகையாக இருக்கும். வீட்டுக்கு வந்தாலும் உட்காரமாட்டாள். உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டாள்.

"கொம்புக்கு இன்னாமே ஜொரமா? தொட்டுத் தொட்டுப் பாத்துகினு கீற," என்றான் கோதண்டம், வலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நீ கம்முனு கெட. இல வுழுதுய்யா."

"வுழுந்தா வுழட்டும். எல கொட்டாத மரம் எது?"

"ஆடி வருதே!"

கோதண்டம் அப்போதுதான் தலையைத் தூக்கினான். அவனும் அன்று தெருவில் நின்றிருந்தவன்தானே. "வாய வெச்சிகினு சும்மா இருந்தியா நீ," என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

இலை விழ விழ அவள் மீன் தண்ணீரை இன்னும் அதிகமாக ஊற்றினாள். தன் வீட்டுத் தண்ணீர் போதாமல், பக்கத்துப் பெண்களின் பெட்டித் தண்ணீரையும் வாங்கிவந்து ஊற்றினாள். ஊற்றிய ஈரம் ஒரு மணி நேரத்தில் காணாமல் போகும். சாப்பிடாத பிள்ளைக்குச் சோற்றை ஊட்டி ஊட்டித் திணிப்பதுபோல அந்தக் கொம்பை அவள் படுத்தினாள். மாயா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். இவளுக்கு இதெல்லாம் விளையாட்டு, சாமி பூதம் நம்பாத வீட்டுப் பெண்ணுக்கு என்ன கவலை என்று குப்பம்மா நினைத்துக்கொண்டாள். நல்லவேளை, அந்தக் கவலையாவது அவளுக்கு இல்லையே என்றும் நினைத்தாள்.

ஆனியில் ஒரு மத்தியானம், கடைசி இலையும் போன பிறகு, அவள் கொம்பின் அடியில் குந்தி மண்ணைக் கிளறினாள். மேல்மண் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. ஏதோ பூஞ்சை என்று நினைத்து விரலால் தொட்டாள். கைப்பழக்கம், விரலை நாக்கில் வைத்தாள்.

வாழ்நாள் முழுக்கக் கருவாட்டுக்கு உப்பு பார்த்த நாக்கு அது. கொஞ்சம் கூட யோசிக்கவில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"யோவ்," என்று கத்தினாள். "இங்க வாய்யா. கொம்ப நான் கருவாடு போட்டுட்டேன்யா."

கோதண்டம் வந்தான். அவனும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினான். "அதே தண்ணிய தானே முருங்கைக்கும் ஊத்தின? அது மட்டும் எப்டி நின்னுச்சி?"

"அப்போல்லாம் மழ பேஞ்சுதுய்யா. நான் ஊத்துவேன், வானம் கழுவிகினு போவும். இந்த வருசம் ஊத்துனது அத்தினியும் இங்கியே குந்திகினு கீது. வெயிலு தண்ணிய மட்டும் குடிச்சிட்டு உப்ப எனுக்கு வெச்சிட்டுப் போயிருக்கு."

அன்றிலிருந்து மீன் தண்ணீரை நிறுத்தினாள். மேல்மண்ணைச் சுரண்டி அள்ளிக் கொட்டினாள். லாரி வந்த நாளெல்லாம் வரிசையில் முதல் ஆளாக நின்று சண்டை போட்டு, குடிக்க வைத்த நல்ல தண்ணீரைக் குடம் குடமாகக் கொம்புக்குக் கவிழ்த்தாள். வீட்டில் எல்லோரும் அளந்து குளித்தார்கள். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஒருநாள் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை இல்லை, பழுப்புத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே கீறினாள். அங்கேயும் பழுப்பு.

ஆடி பிறந்தது. கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமையைக் குப்பத்தில் முடிவு செய்தார்கள். கெங்கம்மா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்தபடி இந்த வாசலையே பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சனிக்கிழமை குப்பம்மா கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு பஸ் ஏறினாள். விம்கோ நகரில் ஒரு பழைய ஃபேக்டரி மதிலை ஒட்டி கல்யாண முருங்கை நிற்பதை எப்போதோ பார்த்திருக்கிறாள். மதில் ஓரமாக நிழலும் கழிவு ஈரமும் இருந்ததால் அங்கே அது கொழுத்து நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அதே பருமனில், அதே உயரத்தில் ஒரு கொம்பைத் தேடி வெட்டினாள். உச்சியில் ஒரு கொத்து இலையை மட்டும் விட்டுவைத்தாள். ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் கேட்டவர்களுக்கெல்லாம் ஆட்டுக்குத் தழை என்று சொல்லி, வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறைக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். விடியலில் ஊர் எழும்புவதற்கு முன் பழையதைப் பிடுங்கிப் புதியதை நட்டுவிடுவது என்று தீர்மானம். அம்மனை ஏமாற்றுவதை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மனிடம் அப்புறம் காலில் விழுந்துகொள்ளலாம், கெங்கம்மாவிடம் அப்படி விழ முடியாது.

வெளுக்கிற நேரத்தில் கொம்பும் கடப்பாரையுமாக வாசலுக்கு வந்தவள் நின்றுவிட்டாள். பட்டுப்போன கொம்பின் அடியில் மாயா உட்கார்ந்திருந்தாள். கையில் அவள் வேலைக்கு எடுத்துப்போகும் தண்ணீர் பாட்டில். அதைச் சாய்த்து, ஒரு சொட்டு பக்கத்தில் போகாமல், கொம்பின் காலில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே பண்ற இங்க?"

மாயா திடுக்கிட்டுத் திரும்பினாள். "வேல செய்ற எடத்துல நல்ல தண்ணி வரும் அத்தே. டெய்லி ஒரு பாட்டில் புடிச்சாந்து ஊத்துறேன். நீங்க எழுந்துக்கறதுக்கு முன்ன."

"எத்தினி நாளா?"

"எல கொட்ட ஆரம்பிச்சதுல இருந்து."

"நீதான் இதெல்லாம் நம்பமாட்டியே."

"நான் நம்பல அத்தே. நீங்க நம்புறீங்களே." அவள் பாட்டிலின் மூடியைத் திருகினாள், கழற்றினாள், மறுபடி திருகினாள். "அன்னிக்கு நீங்க தெருவுல சொன்னப்ப நான் கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன். அவரு அதெல்லாம் அம்மா வாயி, கண்டுக்காதன்னாரு. நானும் கண்டுக்கக் கூடாதுன்னுதான் பாத்தேன். ஆனா பொட்டிய இன்னும் பிரிக்கல அத்தே. துணி எல்லாம் அதுக்குள்ளதான் கீது. எப்ப வோணா கெளம்ப சொல்லுவீங்கன்னு."

மாசியிலிருந்து ஆடிவரை இந்தப் பெண், குப்பம்மாவின் காலை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோதும், அவளுக்குச் சோறு போட்டுக் கொடுத்தபோதும், உள்ளே கட்டின பெட்டியோடு இருந்திருக்கிறாள். வானத்தைப் பார்த்து, காற்றைப் பார்த்து, தெரு முழுக்க அலைந்தவளுக்குத் தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தது தெரியவில்லை. கொம்பு செத்ததற்கு அழாதவள் இதற்கு அழுதுவிடுவோமோ என்று பயந்தாள்.

மாயாவின் கண் சாக்குச் சுருளில் விழுந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த இலைக்கொத்தைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள். முகம் சட்டென்று மலர்ந்தது.

"எனுக்காகவா அத்தே? குடுங்க, நட்டுடலாம். இன்னும் யாரும் எழுந்துக்கல."

அந்தச் சந்தோஷத்தைத்தான் குப்பம்மாவால் தாங்கமுடியவில்லை. இதை நட்டால் இதுவும் அதே உப்பு மண்ணில்தான் நிற்கும். நாளைக்கு இது வாடும். மறுபடி ஒரு பாட்டில், மறுபடி ஒரு சாக்கு. அந்தப் பெட்டி கட்டினபடியே கிடக்கும்.

"உள்ள போ," என்றாள். "போய் மூஞ்சி கழுவு."

மாயாவின் முகம் வாடியது. பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குப்பம்மா புதுக்கொம்பைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனையில் கட்டியிருந்த ஆடுகளுக்கு முன்னால் போட்டாள். அவை கெங்கம்மாவின் ஆடுகள். கேள்வி எதுவும் கேட்காமல் தின்றன.

வெயில் ஏறுவதற்குள் வாசலில் கல் கூட்டி அண்டாவை ஏற்றியாகிவிட்டது. அம்மன் கோயிலில் படைத்துவிட்டு வந்து குப்பம்மா கூழைக் கிளறினாள். சின்ன வெங்காயம், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல் எல்லாம் தயார். குப்பத்துப் பெண்கள் குண்டானும் சொம்புமாக வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் கொம்பைப் பார்த்தார்கள், எல்லோரும் பார்க்காததுபோல் வேறு எதையோ பேசினார்கள். மாயா வாசற்படியில் நின்றாள், ஜெகதீசன் அவளுக்குப் பின்னால்.

கெங்கம்மா எல்லோருக்கும் கடைசியாக வந்தாள். குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"இன்னா குப்பம்மா, கொம்பு காஞ்சி பூட்ச்சே? அம்மா சொல்லிட்டா போல கீதே?"

குப்பம்மா துடுப்பை அண்டாவில் சாய்த்துவிட்டு நேராகக் கொம்பிடம் போனாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அடியில் ஒரு வேர் இல்லை. பங்குனியில் விட்ட இலையெல்லாம் தன் உடம்பில் இருந்ததைத் தின்று விட்டவைதான் போலிருக்கிறது. அதை முழங்காலில் வைத்து இரண்டாக முறித்து, அண்டாவுக்கு அடியில் எரிகிற அடுப்பில் செருகினாள்.

"அய்யய்யோ! அரசாணிக்கால்டி அது!" கெங்கம்மா மாரில் கை வைத்தாள்.

"வெறகு," என்றாள் குப்பம்மா. அடுப்பில் உப்பு படபடவென்று வெடித்தது. "அம்மா ஒண்ணும் சொல்லல அண்ணி. சொன்னது நான். அம்மா பேர வெச்சி என் ஆத்திரத்த நான் பேசினேன். இதக் கொன்னதும் நான்தான், மீன் தண்ணி ஊத்தி ஊத்தி. மழ இல்லாத வருசத்துல உப்பக் கொட்டினா எது நிக்கும்? அதுக்கு இவ எதுக்கு வேற வூடு பாக்கணும்? போறதுன்னா நான்தான் போவணும். நான் போவமாட்டேன். அவளும் போவமாட்டா."

பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கோதண்டம் வலையைக் கீழே வைத்தான். நாற்பது வருஷமாகப் பெண்டாட்டி ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்து அவன் பார்த்ததில்லை.

"மாயா, இங்க வா. கரண்டிய புடி."

மாயா இறங்கி வந்தாள். காது அருகே குனிந்து, "அத்தே, எனுக்குப் படையல், பூச எல்லாம்..." என்று இழுத்தாள்.

"சாமிக்கு நான் ஊத்திட்டேன். மனுசங்களுக்கு நீ ஊத்து. ஊத்திட்டு உள்ள போய் அந்தப் பொட்டியப் பிரி. துணி எல்லாம் பூச்சி அடிச்சிடப் போவுது."

மாயாவுக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமலே கரண்டியைப் பிடித்தாள். அந்த வீட்டு ஆடிக்கூழை முதல் கரண்டி ஊற்றுவது வீட்டுக்காரியின் உரிமை. அது ஊரில் எல்லோருக்கும் தெரியும், கெங்கம்மாவுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். வரிசையில் யாரும் முன்னால் வரவில்லை. எல்லோரும் கெங்கம்மாவின் கையில் இருந்த குண்டானைப் பார்த்தார்கள். அடுப்பில் கொம்பு வெடித்து அடங்கிக்கொண்டிருந்தது. கெங்கம்மா அண்டாவைப் பார்த்தாள், குப்பம்மாவைப் பார்த்தாள், ஜெகதீசனை ஒருமுறை நன்றாக முறைத்தாள். பிறகு குண்டானை நீட்டினாள்.

"அடியோட கலக்கி ஊத்துமே," என்றாள் மாயாவிடம். "மேல எல்லாம் தண்ணியா கீது."